அண்ணனைக் காதலன் ஆக்கிவிட்டார்கள்: பாட்டு வீடியோவுக்குக் கருத்துக் கேட்ட அனுபவம்

கடைசி வருட ப்ரொஜெக்டுக்கு மியூசிக் வீடியோ செய்யப் போகிறவர்களுக்கு இது. படம் பிடிப்பதும் எடிட் பண்ணுவதும் எப்படியோ நடந்துவிடும். "பார்வையாளர் கருத்தைப் பெற்று அதன்படி திருத்தியதற்கான ஆதாரம் இணைக்கப்பட வேண்டும்" என்று கையேட்டில் ஒரு வரி இருக்கும் பாருங்கள், உயிரை வாங்குவது அதுதான்.

எங்களுடைய வீடியோ நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. கட்டாருக்கு வேலைக்குப் போகிற அண்ணனை பஸ் ஏற்றிவிட்டு ஊரில் நிற்கிற தங்கச்சியின் பாட்டு. எங்கள் பட்ச் பெடியன் ஒருவன் எழுதிப் பாடினான். இடமெல்லாம் திருகோணமலைதான்: பஸ் ஸ்டாண்ட், உள்துறைமுக வீதி, கிண்ணியாப் பாலம், முடிவில் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயில் மலை. ஓகஸ்டில் கடல் அமைதியாகக் கிடந்த நேரம் எடுத்தோம், ஷூட்டிங்கில் ஒரு குறையும் இல்லை. கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் ட்ரோன் ஆசையை மட்டும் முதலிலேயே விட்டுவிட்டோம். நீங்களும் விட்டுவிடுங்கள்.

சரி, திரையிடல். அதற்கு ஹோல் வேண்டும், ஹோலுக்குக் கடிதம் வேண்டும். கடிதத்தைக் கொண்டுபோனால் மேசையில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல் "இது இணைப்பாளருக்கு ஊடாக வரவேணும்" என்றார். இணைப்பாளர் கொழும்பில். அவர் வந்து கையெழுத்து வைத்ததும் கொண்டுபோனோம், சீல் இல்லையாம். சீல் அடித்துக்கொண்டு போனோம், ஹோல் திறப்பு வைத்திருக்கிறவர் லீவாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் நாங்களும் ஒரே நடையில் முடித்திருப்போம். அதைச் சொல்வதற்கு அவருக்கு என்ன செலவு என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஹோல் கிடைத்தது. கிடைத்து என்ன? யன்னல்களுக்குத் திரைச்சீலை இல்லை. மல்டிமீடியா ப்ரொஜெக்டரில் போட்டால் இரவில் எடுத்த பஸ் ஸ்டாண்ட் காட்சி முழுக்க ஒரே கறுப்பு, அண்ணன் எது பஸ் எது என்று தெரியவில்லை. ஸ்பீக்கரிலும் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. எழுதி வாங்கின கருத்தில் பாதி "இருட்டு", "சத்தம் காணாது". அதெல்லாம் ஹோலுக்குக் கிடைத்த மார்க்ஸ், எங்கள் வீடியோவுக்கு இல்லை. மீதிப் பாதி இன்னும் மோசம்: "சூப்பர்", "வாழ்த்துக்கள்", "கலக்கிட்டீங்க". துறையில் தந்த மாதிரிப் படிவத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போடச் சொல்லியிருந்தது, எல்லோரும் ஐந்து போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள், எல்லாம் எங்கள் கூட்டாளிகளும் அவர்களின் தங்கச்சிமாரும்தானே. அந்த ஐந்துகளை வைத்து வண்ண வண்ணமாக வரைபடம் கீறலாம், ஒரு ஷொட்டைக்கூடத் திருத்த முடியாது.

உருப்படியான முதல் கருத்து வந்தது நான் தங்கியிருக்கும் வீட்டு ஆன்ரியிடமிருந்து. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைக் கையில் கொடுத்து ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தேன். பார்த்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாவம் பிள்ளை. அவன் விட்டுட்டுப் போனதுக்காகக் குதிக்கிறதே?" என்றார்.

யார் குதித்தது? எங்கள் கதையில் யாரும் குதிக்கவில்லை. தங்கச்சி மலை உச்சியில் நின்று கடலைப் பார்க்கிறாள், காற்றில் சால்வை அடிக்கிறது, திரை இருளுகிறது. அவ்வளவுதான். ஆனால் திருகோணமலை ஆட்களுக்கு அந்த இடம் வெறும் இடம் இல்லையே. காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து ஒல்லாந்து அதிகாரியின் மகள் அங்கிருந்துதான் குதித்தாள் என்று கதை, அதற்கொரு தூண்கூட நிற்கிறது, பெயரே லவர்ஸ் லீப். அவள் உண்மையில் குதித்தாளா என்பதில் சரித்திரக்காரருக்குச் சந்தேகம் உண்டு, ஊருக்கு இல்லை. ஒரு பெடியனையும் ஒரு பெட்டையையும் பாட்டில் காட்டினால் காதலர்தான் என்பது சினிமா பழக்கிவிட்ட கண். அந்தப் பெட்டையை அந்த உச்சியில் நிறுத்தித் திரையை இருட்டாக்கினால் மீதியை ஊர் தானே நிரப்பிக்கொள்கிறது.

அதன் பிறகு படிவத்தைத் தூக்கி வைத்துவிட்டோம். போனும் ஒரு கொப்பியும் மட்டும். ஆள் ஆளாகப் போட்டுக் காட்டி, முடிந்ததும் ஒரே கேள்வி: "என்ன நடந்தது, சொல்லுங்கோ." எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், மரியாதைக்கு "நல்லாயிருக்கு" என்பார்கள், கதவு சாத்தியாயிற்று. கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் ஒளிக்க முடியாது. கிண்ணியாவிலிருந்து வரும் கூட்டாளியின் வீட்டில், டியூட்டரி வாசலில், உப்புவெளியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஐயாமாரிடம் என்று கேட்டுத் திரிந்தோம். உள்ளூர் ஆட்களில் கனபேர் அண்ணனைக் காதலன் என்றார்கள், அவர்களில் பாதிப்பேர் குதித்துவிட்டாள் என்றார்கள். மலையகத்திலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளோ "கடல் வடிவாயிருக்கு" என்று நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு வகை ஆட்களுக்கும் காட்டியிருக்காவிட்டால் இந்த வித்தியாசம் பிடிபட்டிருக்காது.

இன்னொன்று, ஆளின் முகத்தைப் பாருங்கள், வீடியோவைப் பார்க்காதீர்கள். கண் எங்கே போனை விட்டு எழும்புகிறதோ அந்த விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1:12இல் அண்ணன் தன் மணிக்கூட்டைக் கழற்றித் தங்கச்சி கையில் வைக்கிறான், கதையின் உயிரே அதுதான். அந்த இடத்தில் டியூட்டரிப் பிள்ளைகள் எல்லோரும் "மான்!" என்று கத்தினார்கள். கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான் ஒன்று பின்னால் ஆறுதலாக நடந்து போகிறது. எடிட்டிங் மேசையில் அத்தனை தரம் பார்த்தும் எங்களுக்கு அது அழகாகத்தான் பட்டது. மணிக்கூட்டைப் பற்றிக் கேட்டால், "எந்த மணிக்கூடு?" அதே காட்சியின் கிட்ட ஷொட் ஒன்று கைவசம் இருந்தது, கைகளும் மணிக்கூடும் மட்டும். அதைப் போட்டோம். மான் போயிற்று, எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

அண்ணன் பிரச்சினை இவ்வளவு சுகமாகத் தீரவில்லை. இதெல்லாம் தெரியவந்தபோது மாரி தொடங்கிவிட்டது, கடல் வேறு நிறம், வானம் வேறு நிறம். வெளியில் எதை எடுத்தாலும் ஓகஸ்ட் காட்சியோடு ஒட்டாது. அதனால் வீட்டுக்குள் எடுக்கக்கூடியதை யோசித்தோம்: தொடக்கத்தில் அம்மா இரண்டு பேருக்கும் ஒரே கோப்பையில் புட்டைக் குழைத்துக் கொடுக்கிறார், அண்ணன் தங்கச்சியின் மீன் துண்டைக் களவெடுக்கிறான். சில விநாடிதான். மலை உச்சியை நடுச்சரணத்துக்கு நகர்த்தினோம், முடிவில் அவள் வீட்டில் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கிறாள். திருப்பிக் காட்டியபோது காதலன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஐயா ஒருவர் "என்ர மகனும் டோஹாவிலதான்" என்று தொடங்கி வெகுநேரம் கதைத்தார், வீடியோவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கொப்பியில் எங்களுக்கு அதுதான் நல்ல பக்கம்.

எழுத்துப் பிரச்சினையும் உண்டு. பாட்டு வரிகளைத் திரையில் போட்டிருந்தோம். ப்ரீமியர் எடிட்டிங் மென்பொருளில் கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. பட்ச்சில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை, ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் ஒருவர்தான் பார்த்தவுடன் பிடித்தார். ப்ரிபரன்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றினால் சரிவரும். மாற்றின பிறகு பழைய வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வாயசைவு பிந்துகிறது என்று யாராவது சொன்னாலும் தட்டிவிடாதீர்கள். போன் கமரா பிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பதில்லை. எடிட்டுக்கு முன்னமே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பதென்றால் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது நசுக்கிவைத்த படத்துக்குத்தான் கருத்து வரும்.

யூடியூபில் அன்லிஸ்டட் ஆக, லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி போட்டு, யூடியூப் ஸ்டூடியோவில் ஆட்கள் எவ்வளவு தூரம் பார்க்கிறார்கள் என்று காட்டும் வரைபடக் கோட்டையும் பார்த்தோம். பார்வைகள் சொற்பமென்றால் கோடே வராது, பட்ச் குரூப்புகளில் எல்லாம் தள்ளிய பிறகுதான் வந்தது. தொடக்கத்தில் கம்பஸ் சின்னம், துறைப் பெயர், எங்கள் பெயர்கள் ஓடும் இடத்திலேயே கோடு விழுந்திருந்தது. பெயர்களை முடிவுக்குத் தள்ளினோம். சின்னம் முன்னால் வரவேண்டும் என்பது விதியாம், அதை மட்டும் விட்டோம். கோடு எங்கே விட்டுப்போனார்கள் என்றுதான் காட்டும், ஏன் என்று சொல்லாது. அதற்கு ஆன்ரிதான் வேண்டும்.

வந்த கருத்தையெல்லாம் கேட்கவும் வேண்டாம். "இடையில ஒரு டான்ஸ் போடு மச்சான்" என்று சொன்னவர்கள் நிறையப்பேர். டான்ஸ் போடவில்லை, ஆனால் எல்லோரும் இரண்டாம் சரணத்தில்தான் அதைக் கேட்டார்கள் என்பதைக் கவனித்துப் பாலத்தில் நடக்கிற நீளமான ஷொட்டைப் பாதியாக்கினோம். "பாட்டை இன்னும் சோகமாக்குங்கோ" என்பதற்கு ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வியே "எந்தக் கருத்தை நீங்கள் ஏற்கவில்லை, ஏன்?" என்பதுதான். கொப்பியைத் திறந்து டான்ஸ் பக்கத்தைக் காட்டினேன், அடுத்து ஆன்ரி சொன்னதைக் காட்டினேன். சேர் இரண்டையும் வாசித்துச் சிரித்துவிட்டு கமரா பற்றிக் கேட்கத் தொடங்கினார். அதனால் கொப்பியை எறிந்துவிடாதீர்கள், அழகாகத் திருப்பி எழுதவும் வேண்டாம், கறையோடு அப்படியே கொண்டுபோங்கள். படிவத்தின் வரைபடப் பக்கத்தை யாரும் புரட்டவே இல்லை. அதைக் கலர் பிரின்ட் எடுத்த காசு போனது போனதுதான்.