எக்ஸிமா குழந்தைகளின் இரவு: தோல் பிரிவிலிருந்து சில குறிப்புகள்

எக்ஸிமா (தோல் வறண்டு அழற்சியோடு அரிக்கும் நோய்) உள்ள குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரிடம் "நல்லாத் தூங்குறானா?" என்று கேட்டால், "தூங்குறான், நடுவுல கொஞ்சம் சிணுங்குவான்" என்பதுதான் வழக்கமான பதில். இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "போன ஏழு நாளில் எத்தனை ராத்திரி அரிப்பால் தூக்கம் கெட்டது?" என்று எண்ணிக்கையாகக் கேட்க வேண்டும். எக்ஸிமாவின் தீவிரத்தை அளக்கப் பெற்றோர் நிரப்பும் போயம் (POEM) வினாத்தாளின் ஏழு கேள்விகளில் இதுவும் ஒன்று. ஐந்து, ஆறு என்று பதில் வந்தால், பகலில் தோல் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சிகிச்சை போதவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து நகங்களைப் பார்க்க வேண்டும். ஓயாமல் தேய்க்கும் குழந்தையின் நகம் மெருகு போட்டதுபோல் பளபளக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் குறிபார்த்துச் சொறியத் தெரியாது. கன்னத்தை விரிப்பிலும் தூக்கியவர் தோளிலும் தேய்க்கும், தலையை இப்படியும் அப்படியும் உருட்டும். (பின்மண்டையில் முடி தேய்வது எக்ஸிமா இல்லாத குழந்தைக்கும் வரும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.)

அரிப்பு ராத்திரியில் கூடுவது பிரமை இல்லை. அழற்சியை அடக்கும் கார்டிசால் ஹார்மோன் முன்னிரவில் மிகவும் குறைந்துவிடுகிறது. தூக்கம் வரும்போது தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சூடாகிறது. சூடு அரிப்பைக் கிளப்பும். தோல் வழியாக ஈரம் வெளியேறுவதும் இரவில் அதிகம். பகலில் கவனத்தைத் திருப்பிய விளையாட்டும் அப்போது இல்லை. எல்லாக் குழந்தைகளும் ஒரு தூக்கச் சுற்று முடியும்போது லேசாக விழித்து, தானே மறுபடி ஆழ்ந்துவிடும். அரிப்புள்ள குழந்தைக்கு அந்த லேசான விழிப்பு முழு விழிப்பாகிறது. படுக்கையில் கிடந்த மணிநேரம் சரியாக இருந்தும் மறுநாள் எரிச்சலும் அடமும் வருவது இதனால்தான்.

நாங்கள் பார்த்தவரை, ராத்திரி கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் சாயங்காலத்திலேயே இருக்கிறது. மருந்தின் அளவு குறைவு, பூசும் நேரம் தாமதம். உடல் முழுக்க வறட்சி உள்ள குழந்தைக்கு மாய்ஸ்சரைசர் வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை செலவாக வேண்டும். 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் வருகிறது என்று சொன்னால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். லோஷனில் தண்ணீர் அதிகம், விடியும்வரை நிற்காது. கிரீம் சில குழந்தைகளுக்கு வெடித்த தோலில் எரியும். ஆயின்மென்ட் எரிவது குறைவு, ஆனால் படுக்கும் நேரத்தில் அப்பினால் சூட்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எல்லாப் பூச்சும் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே முடிய வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல், சோப்பு வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசரை முடி வளரும் திசையில் நீவ வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் முடிக்கால்கள் அடைத்துக் கொப்புளம் வரும். டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுப்பது நல்லது.

மருத்துவர் ஸ்டீராய்டு பூச்சு கொடுத்திருந்தால் அதற்கும் மாய்ஸ்சரைசருக்கும் நடுவே 15 முதல் 30 நிமிடம் விட வேண்டும். "லேசாத் தடவுங்க" என்று சொல்லி அனுப்புவதுதான் பாதி தொல்லை. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குச் சரி. 3 முதல் 6 மாதக் குழந்தைக்கு ஒரு முழுக் கைக்கு ஒரு விரல்நுனி, ஒரு காலுக்கு ஒன்றரை.

உடுப்பு ஒற்றை அடுக்குப் பருத்தி போதும். பிடரியில் வியர்த்தால் சூடு அதிகம் என்று பொருள். நகத்தை வெட்டியபின் அரத்தால் மழுக்க வேண்டும், வெட்டிய முனைதான் கீறும். கிரீம் ஊறிய துணி சுலபமாகத் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்குப் பக்கம் குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது.

தூக்கம் தரும் அலர்ஜி மருந்து கேட்காத வீடு குறைவு. அது அரிப்பை அடக்குவதைவிட மயக்கத்தால்தான் தூங்கவைக்கிறது, அசதி மறுநாள் வரை நீளும். மருத்துவர் சொன்னால் சில நாளுக்கு மட்டும். இரண்டு வயதுக்குள் புரோமெதசின் கூடவே கூடாது. இரண்டொரு நாளில் தோல் திடீரென்று மோசமாகி, மஞ்சள் பொருக்கோ, குழிவிழுந்த ஒரே மாதிரிப் புண்களோ, காய்ச்சலோ வந்தால் அது தொற்று. குறிப்பாகக் குழிப்புண் ஹெர்பீஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

தோல் ஆறியும் எழுந்துகொள்ளும் குழந்தைகள் உண்டு. சொறிந்தால் தூக்குவார்கள், பால் கிடைக்கும் என்பது பழகிப்போயிருக்கும். மங்கலான வெளிச்சத்தில் கையைக் கவனித்தால் போதும்: கை தோலுக்குப் போகாமல் உங்களைத் தேடி நீண்டால் அது பழக்கம். அப்போது விளக்கைப் போடாமல், தூக்காமல், கையை மெதுவாகப் பிடித்துத் தட்டிக்கொடுப்பது உதவும். கை தோலுக்கே போனால், சொறிகிற இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றலாம், மறுநாள் பூச்சு அங்கே எட்டியதா என்று பார்க்கலாம்.