பெல்கிரேட்ல ஒரு சீட்டு, ரெண்டு எழுத்து

செர்பியாவோட தலைநகர் பெல்கிரேட் போய் இறங்கினப்போ செம பசி. எதிர்ல ஒரு போர்டு, இங்கிலீஷ்னு நெனச்சு எழுத்துக்கூட்டினா "பெக்டோபா"ன்னு வருது, என்ன கடைன்னே புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது அது சிரிலிக், ரஷ்யால எல்லாம் எழுதற எழுத்து வகை, பி மாதிரி இருக்கறது 'ர', சி மாதிரி இருக்கறது 'ஸ', எச் மாதிரி இருக்கறது 'ன', ஆக அது ரெஸ்டோரான், நம்ம சாப்பாட்டுக் கடை! அன்னிக்கு ராத்திரியே உக்காந்து 30 எழுத்தையும் படிச்சிட்டேன்.

ஒரு எழுத்துக்கு ஒரு சத்தம், அவ்ளோதான், அதனால சீக்கிரம் வந்துடுது. இதுக்கு வுக் கராஜிச்சுக்குத்தான் நன்றி சொல்லணும், 1818ல செர்பிய மொழிக்கு அகராதி போட்டவர், பேசற மாதிரியே எழுதணும்ங்கறது அவர் கொள்கை. 'ய' சத்தத்துக்கு லத்தீன் (அதான் இங்கிலீஷ் ஏபிசி எழுத்து) ஜே எழுத்தை உள்ள கொண்டுவந்ததுக்கு சர்ச் தரப்புல பயங்கர எதிர்ப்பு. இன்னிக்கு 10 தினார் நோட்டுல அவர் படம்தான்.

2006 அரசியல் சட்டப்படி செர்பியாவோட அதிகாரபூர்வ எழுத்து சிரிலிக். அரசு ஆபீஸ் போர்டெல்லாம் அதுலதான், ஆனா கடைத்தெருவுல நடந்தா மெனு, விளம்பரம், எங்க பாத்தாலும் லத்தீன். சிரிலிக்கைக் காப்பாத்த 2021ல தனிச் சட்டமே போட்டிருக்காங்க. பக்கத்துல குரோஷியாவோட வுகோவார்ல நிலைமை வேற, 1991ல செர்பியத் தரப்போட நடந்த போர்ல அவ்ளோ அடிபட்ட ஊர், அங்க 2013ல வெச்ச சிரிலிக் போர்டை சுத்தியலால உடைச்சிருக்காங்க. எழுத்து மேல சுத்தியல் விழுந்துச்சுன்னு நெனச்சாலே மனசு கஷ்டமாயிடுது.

நான் தங்கின வீட்டுக்கார அம்மாகிட்ட கேட்டேன், நீங்க எதுல எழுதுவீங்கன்னு. ஒண்ணாங்கிளாஸ்ல சிரிலிக், ரெண்டாங்கிளாஸ்ல லத்தீன் சொல்லிக்குடுப்பாங்களாம், ரெண்டும் எங்களோடதுதான்னு சொன்னாங்க. போன்ல மெசேஜ் லத்தீன்ல அடிக்கறவங்க, மார்க்கெட் சீட்டை மட்டும் பேனாவால சிரிலிக்ல எழுதறாங்க.

கடைசி நாள் அந்தச் சீட்டை வாங்கிட்டு நானே கிளம்பினேன். ரொட்டி, பால் படிச்சிட்டேன். மூணாவது வார்த்தைல மாட்டிக்கிட்டேன், ஏன்னா அச்சுல வாசல் நிலை மாதிரி நிக்கற 'ப', அவங்க கையெழுத்துல இங்கிலீஷ் யு மாதிரி இருக்கு, தலைக்கு மேல ஒரு கோடு வேற. அந்த மாதிரி ரெண்டு இருக்கு. காய்க்கடை முன்னாடி நின்னு மெதுவா, பா... ப்ரி... கா. குடைமிளகாய்! ஒரு கிலோ வாங்கிட்டேன்.