பதிவேட்டில் இல்லாத ஞானஸ்நானம்: மடத்தில் சேர நான் அலைந்த அலைச்சல்

இந்த பெப்ரவரி 2ஆம் திகதி, அர்ப்பண வாழ்வின் நாளன்று, துறவறத்துக்கான முதல் வார்த்தைப்பாடு கொடுத்தேன். மனது நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் பங்குக் கோயில் அலுவலகத்து மேசைக்கு முன்னால் நின்ற நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பிள்ளைகள் சிலர், "மடத்தில சேர என்னென்ன பேப்பர் வேணும் சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களும் என்னைப்போல் அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகர் கடிதம், பொலிஸ் அறிக்கை, மருத்துவச் சான்றிதழ், பங்குத்தந்தையின் கடிதம் எல்லாம் கேட்பார்கள். அலைச்சல் இருக்கும், ஆனால் கிடைத்துவிடும். நான் மாட்டிக்கொண்டது ஞானஸ்நானச் சான்றிதழில்.

நவசந்நியாசம் என்ற துறவறப் பயிற்சிக்கு எடுப்பதற்கு முன் ஞானஸ்நானம், அதற்குப் பிறகு பெறும் உறுதிபூசுதல், திருமணப் பந்தம் எதுவும் இல்லாத நிலை ஆகிய மூன்றுக்கும் அத்தாட்சி வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 645. எந்தச் சபையில் சேர்ந்தாலும் இதைக் கேட்கத்தான் செய்வார்கள். வீட்டில் பழைய சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். புதிதாக எடுத்த பிரதிதான் வேண்டும் என்பார்கள். உறுதிபூசுதல், கலியாணம், துறவிகளின் நித்திய வார்த்தைப்பாடு எல்லாவற்றையும் ஞானஸ்நானப் பதிவேட்டில் நம் பெயர் இருக்கும் இடத்திலேயே குறிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. புதிதாக எடுத்த பிரதியில்தான் அந்தக் குறிப்புகள் வரும்.

எங்கள் வீட்டில் பழைய பிரதிகூட இல்லை. அதற்குக் காரணம் நான் பிறந்த விதம். மாதம் நிறையாமல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தேன். மூச்சு சரியில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஏது, கொழுந்து லொறிதான். அம்மா எழும்ப முடியாமல் அங்கேயே கிடக்க, அம்மாவின் அம்மாவான அம்மாயியும் அப்பாவும் என்னைத் தூக்கிக்கொண்டு லொறியில் ஏறினார்கள். பாதி வழியில் என் உடம்பு நீலம் பாரித்துவிட்டது. அம்மாயி கையில் இருந்த போத்தலைத் திறந்து என் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, மூவொரு கடவுளின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். சாகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று உபதேசியார் தோட்டத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த காலம் அது.

நான் பிழைத்துக்கொண்டேன். அப்பா வேறு தோட்டத்தில் பேர் பதிந்து குடும்பத்தோடு போய்விட்டார். லொறியில் நடந்ததைக் கோயிலில் போய் எழுத வைக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் உபதேசியார் எழுதிக்கொடுத்த பட்டியலே போதுமாக இருந்தது.

இனி அலுவலகக் கதை. நாங்கள் முதலில் இருந்த தோட்டத்துக் கோயில் அந்தக் காலத்தில் டவுன் பங்கின் கீழ் இருந்தது. பிறகு பங்கைப் பிரித்தார்கள். டவுன் அலுவலகத்தில் இருந்தவர் புத்தகத்தைத் தொடாமலே, "அந்தத் தோட்டம் இப்ப எங்களுக்குக் கீழ இல்ல தங்கச்சி, புதுப் பங்குக்குப் போங்க" என்றார். மழையில் பஸ் ஏறி, மலைப்பாதையில் நடந்து புதுப் பங்குக்குப் போனால், அங்கே இருக்கிற முதல் பதிவேடே நான் பிறந்ததற்குப் பிறகு திறந்தது. திரும்பவும் டவுனுக்கு வந்தால் திங்கட்கிழமை, கதவு பூட்டு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பங்கு பிரிந்தாலும், பிரிவதற்கு முந்திய பதிவேட்டைத் தாய்ப்பங்கில்தான் தேட வேண்டும். இப்போது எந்தப் பங்கு என்று கேட்டுப் பயனில்லை, நீங்கள் பிறந்த வருடத்தில் எந்தப் பங்கு என்று கேளுங்கள்.

ஒருவழியாக டவுன் அலுவலகத்துக்காரர் புத்தகத்தைத் திறந்தார். நான் பிறந்த மாதத்தை மட்டும் புரட்டிவிட்டு மூடினார். லொறியில் நடந்ததைச் சொன்னேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "புத்தகத்துல பேர் இல்லேன்னா ஞானஸ்நானம் இல்ல. சாமிகிட்ட சொல்லி வர்ற ஞாயிறு பூசையில வாங்கிக்கங்க. அன்னைக்கே சான்றிதழ் எழுதித் தாரேன். லேசான வேலை" என்றார்.

வீட்டிலும் சிலர் அதையே சொன்னார்கள். ஒரு பேப்பருக்காக இவ்வளவு பிடிவாதமா என்றார்கள். என்னால் முடியவே முடியாது என்றேன். ஞானஸ்நானம் ஒருமுறைதான். அது ஆன்மாவில் பதிக்கும் முத்திரை அழியாதது, அதனால் திரும்பக் கொடுக்க முடியாது என்று சட்டம் 845 தெளிவாகச் சொல்கிறது. நன்றாக விசாரித்த பிறகும் உண்மையான சந்தேகம் மிஞ்சினால் மட்டும் நிபந்தனையோடு கொடுக்கலாம். இங்கே விசாரணையே நடக்கவில்லை. அதோடு, துறவற வாழ்வின் வேர் ஞானஸ்நானத்தில்தான் இருக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவிகளுக்காக வெளியிட்ட ஏட்டில் சொல்லியிருக்கிறது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடுகள் எல்லாம் அந்த முதல் அர்ப்பணத்தை இன்னும் முழுமையாக வாழ்வதற்குத்தான். கடவுள் என்னைத் தமக்கென்று எடுத்துக்கொண்டது அந்த லொறியில். அது நடக்கவே இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, கடவுளுக்கே என்னைக் கொடுக்கிறேன் என்று மடத்துக்குள் எப்படிப் போவேன்?

மடத்தில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். "அவசரப்பட்டு எதையும் வாங்கிக்காதீங்க. அலுவலகத்தோட நிக்காம ஃபாதரையே நேரா பாருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் வழி திறந்தது. அதுவரை நான் கிளாக்கரைத் தாண்டி உள்ளே போனதே இல்லை.

டவுன் பங்குக்குப் புதிதாக வந்திருந்த உதவிப் பங்குத்தந்தை முழுக்கதையையும் உட்கார வைத்துக் கேட்டார். சட்டப் புத்தகத்தை எடுத்து 876ஐக் காட்டினார். யாருக்கும் பாதகம் இல்லாத விஷயத்தில், ஞானஸ்நானம் நடந்ததற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சி போதும். அம்மாயிக்கு முழங்கால் முடியாது, லயத்துப் படி இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்றேன். "அப்ப நான் வாரேன்" என்றார். சொன்னபடி வந்தார்.

எங்கள் லயத்து இஸ்தோப்பில், முன் திண்ணையில் உட்கார்ந்து ஃபாதர் கேட்ட கேள்விகளை நான் மறக்க மாட்டேன்.

"போத்தல்ல என்ன இருந்திச்சு பாட்டி? தண்ணியா, தேத்தண்ணியா?"

"கொதிக்க வச்சு ஆறின வெறுந்தண்ணி சாமி. தேயில போடல."

"துணி மேலயா ஊத்துனீங்க?"

"துணிய விலக்கிட்டு நெத்தியில ஊத்துனேன். காதுப் பக்கமா ஓடிச்சு, முந்தானையால தொடச்சேன்."

என்ன வார்த்தை சொன்னீர்கள் என்றதற்கு, அம்மாயி கையைக் கூப்பிக்கொண்டு "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவினுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று பழைய வழக்கப்படி தடங்கலில்லாமல் சொன்னார். எதற்காகக் கொடுத்தீர்கள் என்று கேட்டபோதுதான் அழுதுவிட்டார். "புள்ள சாமிக்குச் சொந்தமாப் போகணும்னுதான்."

தண்ணீர், வார்த்தை, நோக்கம் மூன்றும் சரி என்று ஃபாதர் அங்கேயே எழுதினார். அம்மாயி பெருவிரல் அடையாளம் வைத்தார், லொறியில் கூட இருந்த அப்பா கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதம் கண்டி ஆயர் இல்லத்துக்குப் போய், பிந்திய பதிவாக எழுத அனுமதி வந்தது. உறுதிபூசுதல் வேறு பங்கில் நடந்ததால் அங்கிருந்தும் ஒரு கடிதம் வாங்கி அதே பதிவில் குறித்தார்கள். சான்றிதழைக் கையில் வாங்கியபோது என் சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. ஞாயிறு பூசையில் வாங்கிக்கொள்ளச் சொன்னவர்தான் அதில் முத்திரை குத்திக் கொடுத்தார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் கடன் வந்து நின்றது. அடைக்க முடியாத கடன் உள்ளவர்களைச் சேர்க்கக்கூடாது என்று சட்டம் 644 சொல்கிறது. எங்கள் தோட்டங்களில் வாராவாரம் காசு வாங்க வரும் குழுக்கடன் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் அம்மாவுக்காக நானும் குழுவில் கையெழுத்து வைத்திருந்தேன். காசு முழுக்கக் கட்டி முடித்தாயிற்று. ஆனால் முடிந்தது என்று ஒரு கடிதம் கேட்டால், வசூலுக்கு வருகிற தம்பி "அதெல்லாம் தேவையில்ல மிஸ், சிஸ்டத்துல குளோஸ் ஆயிருச்சு" என்று வாரக்கணக்காக இழுத்தடித்தார். கடைசியில் அவர்களுடைய கிளைக்கே போய் உட்கார்ந்து வாங்கினேன். பிறகு அதே குழுவில் வேறொருவர் கட்டாமல் விட்டபோது என் பெயரையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டியதும் வாயடைத்துப் போனார்கள். கடிதம் இல்லாமல் எந்தக் கடனும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கிடையில் ஊர்ப்பேச்சு வேறு. சீதனம் கொடுக்க வழியில்லை, அதுதான் மடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசினார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு ஒன்றும் கிடைக்காமல் போகவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வார்த்தைப்பாடு அன்று முன் பெஞ்சில் அம்மாதான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது நான் கொடுத்திருப்பது தற்காலிக வார்த்தைப்பாடு. மூன்று வருடமாவது கழியாமல் நித்திய வார்த்தைப்பாடு இல்லை. அது நடந்தால் அந்தச் செய்தியும் டவுன் பங்கின் அதே பதிவேட்டுக்குப் போகும்.

உங்கள் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலோ வழியிலோ அவசரமாக ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை இருந்தால், மடமோ கலியாணமோ வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே பங்குத்தந்தையிடம் சொல்லி எழுத வையுங்கள். அவரால் வர முடியாவிட்டால் ஃபாதரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், தயங்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியையும், அப்போது கூட இருந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அலுவலகம் எந்த நாளில் பூட்டு என்று முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போன இடங்களில் திங்கட்கிழமை யாரும் இருக்கவில்லை.