திறந்த புத்தகம், மூடிய புத்தகம்: மைண்ட் மேப்பில் நான் செய்த தவறு

தேர்வு முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. தேறிவிட்டேன். சென்ற முறை உயிரியல், கணினி அறிவியல் இரண்டிலும் விழுந்தபோது இணைய வரைபடக் கருவியில் என் கணக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட மைண்ட் மேப்கள் (தலைப்பை நடுவில் வைத்துக் குறிப்புகளைக் கிளைகளாகப் பிரிக்கும் படங்கள்) இருந்தன. கிளைக்கொரு நிறம், கிளைக்கொரு படம். அத்தனையும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தவை.

தேர்வறையில் ஒளிச்சேர்க்கைக் கேள்வியைப் பார்த்ததும், கால்வின் சுழற்சியை (கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகும் கட்டம்) எந்த மூலையில் எந்தப் பச்சையில் வரைந்தேன் என்பது துல்லியமாக ஞாபகம் வந்தது. அதற்குள் எழுதியிருந்தது மட்டும் வரவில்லை. அந்த ஐந்து நிமிடம் இன்னும் வலிக்கிறது.

அப்புறம்தான் கார்ப்பிக், பிளண்ட் இருவரும் 2011இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். பாடத்தைப் பார்த்தபடி கருத்து வரைபடம் (மைண்ட் மேப் போலவே கருத்துகளைக் கோடுகளால் இணைக்கும் படம்) போட்ட மாணவர்களைவிட, பாடத்தை எடுத்துவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாக எழுதினார்கள். சோதனையே வரைபடம் வரைவதாக இருந்தபோதும் அவர்கள்தான் முன்னால். ஆக, குறை கருவியில் இல்லை.

இரண்டாம் முறை செய்தது இவ்வளவுதான்:

- பாடத்தைப் படி, மூடு. டிரா.ஐஓ என்ற இலவச வரைபடக் கருவியில் வெற்றுப் பக்கம் திற. கணக்குத் தொடங்காமலே வரையலாம், கோப்பு நம் கணினியிலேயே இருக்கும்.
- பதினைந்து நிமிடம், நினைவில் இருப்பதை வரை, கறுப்பு மட்டும்.
- புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பில் சேர்.
- மூன்று நாள் கழித்து மறுபடி வெற்றுப் பக்கம். பழைய கோப்பைத் தொடவே கூடாது.

கால்வின் சுழற்சியில் கார்பன் நிலைநிறுத்தம், ஒடுக்கம் இரண்டும் முதல் முறையே வந்துவிட்டன. ஆர்யூபிபி (கார்பன் டை ஆக்சைடை ஏற்கும் சேர்மம்) மீண்டும் உருவாகும் கட்டம் மூன்று முறையும் சிவப்பிலேயே நின்றது. திரும்பப் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு மட்டுமே என்று தெரிந்ததும் பாதிச் சுமை இறங்கிவிட்டது. நிறம் பார்த்துப் பார்த்துப் போடுவது எனக்குப் பிடித்த வேலை, அதனால்தான் இத்தனை கண்டிப்பு. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் இரண்டு மூன்று நிறம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி அறிவியலில் வரும் பாய்வுப்படத்தில் (ஒரு நிரலின் படிகளைப் பெட்டிகளாலும் அம்புகளாலும் காட்டும் படம்) சிக்கல் வேறு. திரையில் அம்பு தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும், பெட்டிகள் தானாக வரிசைப்படும். தாளில் கைதான். சென்ற முறை முடிவெடுத்தலைக் குறிக்கும் சாய்சதுரத்திலிருந்து ஒரே ஒரு அம்பு போட்டுவிட்டு வந்தேன். ஆம், இல்லை என்று இரண்டு வழியும் குறிக்காமல் அது முடிவெடுக்கும் பெட்டியே ஆகாது. கருவியின் பக்கப்பட்டியில் எத்தனையோ வடிவங்கள் கிடக்கும். நமக்குத் தொடக்கம்/முடிவு, உள்ளீடு/வெளியீடு, செயல், முடிவெடுத்தல் என்ற நான்கு போதும். வரைந்து முடித்ததும் ஒரு எண்ணை எடுத்து அம்பு வழியே நடத்திப் பாருங்கள். மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் படம் என்றால், இரண்டு எண்களைச் சமமாகக் கொடுங்கள். என் படம் அங்கேதான் உடைந்தது.

வகுப்பில் இதைச் செய்யும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் சேர்த்துத் திரையில் ஒரே வரைபலகையைப் பகிர்ந்தார்கள். இரண்டு பேர் வரைந்தார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தோம். மூன்று பேருக்கு ஒரு பக்கம் கொடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் வரைபவர் மாறட்டும். கடைசிப் பத்து நிமிடம் திரையை அணைத்துவிட்டு, அதையே ஒவ்வொருவரும் தாளில் தனியாக வரையட்டும்.