நிரந்தர முகவரியை மறைக்க ஒரு வரி சிஎஸ்எஸ்

'தற்போதைய முகவரியும் நிரந்தர முகவரியும் ஒன்றே' என்று நம் ஊர் விண்ணப்பங்களில் ஒரு டிக் பெட்டி இருக்குமே, அதை டிக் செய்தால் கீழே உள்ள நிரந்தர முகவரிக் கட்டங்கள் மறைய வேண்டும். இதற்கு நான் ரொம்ப நாள் ஜாவாஸ்கிரிப்ட்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அப்போதும் வழி உண்டு, ஆனால் செக்பாக்ஸும் (அந்த டிக் பெட்டிதான்) அதற்குப் பின்னால் மறைய வேண்டிய பகுதியும் ஒரே டிவ்வுக்குள், அதாவது ஒரே உறைக்குள், நேரடியாக இருக்க வேண்டும், செக்பாக்ஸை மட்டும் லேபிளுக்குள் வைத்துவிட்டால் போச்சு.

ஓர் உறுப்பை அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஹேஸ் (:has) செலக்டர் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. சஃபாரியில் 2022 மார்ச்சிலும் குரோமில் அதே ஆண்டு ஆகஸ்டிலும் வந்தது, ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும் 2023 டிசம்பர் வரை காத்திருந்தோம். 'இந்தப் படிவத்துக்குள் அந்தப் பெட்டி டிக் ஆகியிருந்தால் இந்த ஃபீல்ட்செட்டுக்கு டிஸ்ப்ளே நன்', அதாவது அந்த முகவரிக் கட்டங்களின் தொகுப்பையே காட்டாதே, அவ்வளவுதான் விதி. பெட்டி படிவத்துக்குள் எந்த மூலையில் இருந்தாலும் சரி. இதில் முக்கியமான விஷயம், விதியை மறைப்பதற்கு எழுதுங்கள், காட்டுவதற்கு எழுதாதீர்கள். ஹேஸ் புரியாத பழைய போனில் அந்த விதி அப்படியே தள்ளப்பட்டு எல்லாக் கட்டங்களும் தெரியும், யாருக்கும் வேலை நிற்காது. ஒபாசிட்டியை பூஜ்யமாக்கி, அதாவது கட்டத்தை முழுக்க ஒளி ஊடுருவுவதாக்கி மறைப்பது வேண்டவே வேண்டாம். கீபோர்டில் டேப் விசையைத் தட்டி நகர்பவர் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் போய் நிற்பார், ஸ்கிரீன் ரீடரும் அதை வாசிக்கும்.

நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டது ரிக்வயர்டில், அதாவது 'இந்தக் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும்' என்ற குறிப்பில். மறைந்த கட்டத்தில் ரிக்வயர்ட் இருந்ததால் குரோமில் சமர்ப்பி பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை, திரையில் ஒரு செய்தியும் இல்லை, உலாவியின் பிழைச் செய்திகள் வரும் கன்சோலைத் திறந்தால்தான் அந்தக் கட்டத்தில் ஃபோகஸ் வைக்க முடியவில்லை என்று இருந்தது. சிஎஸ்எஸ் தோற்றத்தை மட்டும்தான் மாற்றும், ரிக்வயர்டை எடுக்காது, டிஸேபிள் செய்யாது.

அப்புறம் இன்னொன்று. ஒருவர் டிக்கை எடுத்துவிட்டு ஊர் முகவரியைப் பாதி அடித்து, மனம் மாறி மறுபடி டிக் செய்தால், அந்தப் பாதி முகவரியும் மறைவாகவே சர்வருக்குப் போகும். அதனால் நான் ரிக்வயர்டை எடுத்துவிட்டு, சர்வரில் முதலில் செக்பாக்ஸைப் பார்க்கிறேன்: டிக் இருந்தால் நிரந்தர முகவரியாக எது வந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுத் தற்போதையதையே எழுதிக்கொள்கிறேன், டிக் இல்லையென்றால் மட்டும் காலியாக விட்டிருக்கிறாரா என்று பார்த்துத் திருப்பிக் கேட்கிறேன்.