நடு பில்லருக்கு மேலே

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு வீட்டின் கூரை பீம். மூன்று பில்லர், 4 மீட்டரில் இரண்டு ஸ்பான் (பில்லருக்குப் பில்லர் இடைவெளி), மீட்டருக்கு 24 கிலோநியூட்டன் பாரம். பழைய மாடலைக் காப்பி செய்து ஸ்டாட் என்ற கட்டமைப்பு மென்பொருளில் ஓட்டினேன். நடு பில்லரின் இரு பக்கமும் ரிலீஸ், அதாவது பீமைக் கீல் போட்ட இரண்டு தனித் துண்டாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு, அப்படியே ஒட்டிக்கொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை. ஸ்பான் நடுவில், அடிப்பக்கம், 48 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட் (பீமை வளைக்கும் திருப்புத்திறன்) வந்தது. கம்பி போட்டு டிராயிங்கையும் சைட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சீனியர் பிரிண்டைப் பார்த்தார். “நடு பில்லர் மேல எக்ஸ்ட்ரா கம்பி எங்கப்பா?”

கணினி பக்கமே போகவில்லை அவர். அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் 1930-இல் வெளியிட்ட மொமென்ட் டிஸ்ட்ரிப்யூஷன் என்ற கைக்கணக்கு முறையை அந்த பிரிண்டின் ஓரத்திலேயே பென்சிலால் போட்டார். முனைகள் இறுகியிருந்தால் 32. வெளி முனைகளைத் தளர்த்திவிட்டால் அதில் பாதி, 16, நடுவுக்கு வரும். ஆக 48. இரண்டு பக்கமும் சமம், கணக்கு முடிந்தது.

அதே 48! ஆனால் இடம் வேறு. நடு பில்லருக்கு மேலே, பீமின் மேல்பக்கம். ஸ்பானில் வெறும் 27-தான். நான் கம்பியைக் கொட்டியிருந்தது தேவை குறைந்த இடத்தில். தேவைப்பட்ட இடத்தில் ஸ்டிரப்பை (சுற்றுக் கம்பி வளையத்தை) தாங்கும் இரண்டு கம்பி மட்டும். பில்லர் கணக்கும் கோணல். பாதிப் பாதியாகப் பிரித்து நடு பில்லருக்கு 96 கிலோநியூட்டன் என்று எழுதியிருந்தேன், உண்மையில் 120. ஓரத்தில் 48 அல்ல, 36. கண்டுபிடிக்க வேண்டியது மூன்று பில்லரின் தாங்குவிசை, சமநிலைச் சமன்பாடோ இரண்டுதான். மூன்றாவதை பீமின் விறைப்புதான் சொல்லும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்.

நல்லவேளை, கான்கிரீட் போடவில்லை. சைட்டுக்கு ஓடினேன். கம்பி கட்டுபவருக்கு மேல் கம்பி பிடிக்கவில்லை. “பாரம் கீழதானே சார் இழுக்கும், மேல எதுக்கு?”

மூன்று செங்கல்லை வரிசையாக வைத்து, மேலே ஒரு 8 எம்எம் கம்பியைப் போட்டு, இரண்டு இடைவெளியிலும் மிதிக்கச் சொன்னேன். நடுக் கல்லின் மேல் கம்பி கூன் போட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“போன வருஷம் ஒரு வீட்ல இங்கதான் சார் வெடிச்சுது, மேலாப்புல. நாங்க பூச்சு சரியில்லேன்னு நினைச்சோம்.”

அப்புறம் கம்பி வெட்ட அளவு கேட்டார்.