மாடி அறைக்கு வயர் வந்தாச்சு

மாடியில் தம்பி ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் படம் அடிக்கடி நின்றுவிடும். ரவுட்டர் கீழே கூடத்தில். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். வைஃபை அதைத் தாண்டி ஏறுவதற்குள் பாதி செத்துவிடும். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வைத்தும் சரிப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் ரவுட்டரிலிருந்து மாடிக்கு கேட் 6 (Cat 6) என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்தோம். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே விடலாம் என்றார் அப்பா. நான் சம்மதிக்கவில்லை. அது ஆபத்து, சிக்னலும் கெடும். ஜன்னல் ஓரமாகத் தனி பைப் அடித்தோம். மொத்தம் 18 மீட்டர்தான். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது விலை குறைவு, ஆனால் வேண்டாம்.

முனையில் எட்டு இழை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக நீவி நேராக்கிக் கொடுத்தார், நான் அதே வரிசையில் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்பில் செருகி அழுத்தினேன். லேப்டாப் ஓரத்தில் குட்டி விளக்கு மினுக்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்று வகுப்பு முடிந்து தம்பி இறங்கி வந்தான். "சார் போர்டில் போட்ட கணக்கை முழுசாப் பார்த்தேன்க்கா" என்றான்.